பதினோரு வயிற்றுவலி

தாமரகுண்ட ஜில்லா பரிஷத் பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் மனசுக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது ஓதெலு பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். கணக்கு வாத்தியார் இல்லாமல் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒன்பதாம் வகுப்புக் கூரை ஒழுகி, பிள்ளைகள் மழைக்காலத்தில் பெஞ்சை இழுத்துக்கொண்டு மூலைக்கு மூலை அலைகிறார்கள். அதற்கு வழியைக் காணோம், மனசுக்கு ஒரு மேடமாம். எவனோ எங்கேயோ கமிஷன் அடிக்கிறான் என்பதுதான் அவர் தீர்ப்பு. சர்க்கார் கொடுக்கிற எதைப் பார்த்தாலும் அவர் தீர்ப்பு அதுதான்.

அவர் பள்ளிக் கமிட்டி மெம்பர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் அவருடைய மகள் ஸ்ரவந்தி அங்கே ஒன்பதாவது படிக்கிறாள், கூட்டம் என்றால் அவர் தவறாமல் போய் உட்காருவார், எவன் பேசினாலும் குறுக்கே கேள்வி கேட்பார். அதனால் ஊரே சேர்ந்து அவர் பெயரை எழுதிவிட்டது. ஸ்ரவந்தி அவருக்கு வயசு போன காலத்தில் பிறந்தவள். அவளுக்கு முன்னால் ஒரு மகன் இருந்தான். திருப்பதி என்று பெயர். அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கும்போது இறந்துபோனான். பதிமூன்று வருஷம் ஆகிறது. வயிற்றுவலி என்று வீட்டில் சொல்வார்கள். ஸ்டேஷனில் இருக்கிற காகிதமும் அதையே சொல்கிறது.

மனசு வகுப்பைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்வரூபா மேடம் பக்கத்து ஊரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். மண்டலத்தில் ஆறு பள்ளிக்கூடமும் அவள் தலையில்தான். ஓதெலுவைப் பார்த்து, உட்காருங்க மாமா என்றாள், அவ்வளவுதான். சாமி கதை சொல்லவில்லை, நன்றாகப் படியுங்கள் என்று உபதேசம் பண்ணவில்லை. கூடப் படிக்கிற பிள்ளை நாலு நாளாகச் சாப்பிடாமல் இருந்தால் யார் கவனித்தீர்கள் என்று கேட்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து எதையோ சொன்னார்கள். பிறகு அவள் சொன்னாள்:

"திடீர்னு ஒருத்தன் தனக்கு ஆசையான சாமானையெல்லாம் எடுத்துக் கொடுக்க ஆரம்பிச்சா, ஆகா நல்ல பையன்னு வாங்கிட்டுப் போயிடாதீங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க, செத்துப்போகணும்னு தோணுதாடான்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த நினைப்பு வந்துடாது. அப்புறம் ஒரு பெரியவங்ககிட்ட வந்து சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லணும்."

ஓதெலு எழுந்து வெளியே போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். பிறகு மறுபடி கழுவினார்.

இறந்துபோன அந்த மாசம் திருப்பதி தன் சைக்கிளை அத்தை மகனுக்குக் கொடுத்தான். கிரிக்கெட் மட்டையைக் குயவர் வீட்டுப் பையனுக்குக் கொடுத்தான். பதுகம்மா பண்டிகைக்கு எடுத்த புதுச் சட்டையைப் பிரிக்காமலே யாருக்கோ கொடுத்தான். ஓதெலு கள்ளுக் காம்பவுண்டில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, என் பையனுக்குக் கர்ணன் மனசு, கேட்டவனுக்கெல்லாம் கொடுக்கிறான் என்று பெருமை அடித்தார். அந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தனுக்குக்கூட விஷயம் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள ஒரு மணி நேர வகுப்பு போதும்.

அதற்குப் பிறகு அவர் அந்த வகுப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஸ்ரவந்தி காய்ச்சல் என்று சொன்னாலும் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார்.

தசராவுக்கு முன்னால் ஒரு நாள் ஸ்ரவந்தி கையில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசோடு வந்தாள். யாருடையது என்று கேட்டார். ஒரு சிநேகிதி கொடுத்தாள் என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"மத்தியானமே மேடம்கிட்ட சொல்லிட்டேன் நாய்னா. அவ வீட்டுக்கு மேடம் போயிருக்காங்க. கொலுச நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடுவேன். அவ பேரைக் கேக்காதே."

அவர் கேட்கவில்லை. அந்தப் பெண் யாராயிருந்தாலும் இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறாள். அது எந்தக் காகிதத்திலும் இல்லை. நடக்காமல் போன சாவை எழுதுவதற்கு எந்த நோட்டிலும் கட்டம் போடுவதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மண்டல ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. மனசு வகுப்புக்கு மூன்று வருஷப் பணம் முடிந்தது. மேலே தொடரலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். அதற்கு முன்னால் ஹைதராபாத்திலிருந்து ஒருவர் வந்து, இந்த வகுப்பால் சர்க்காருக்குப் பண லாபமா நஷ்டமா என்று கணக்குப் பார்ப்பார்.

கணக்குப் பார்க்க வந்த கிரீஷுக்கு முப்பது வயசு இருக்கும். மெலிந்த ஆள், மடியில் கம்ப்யூட்டர். ஹெட்மாஸ்டர் புருஷோத்தம் அறையில் உட்கார்ந்து கமிட்டி மெம்பர்களிடம் தன் முறையை விளக்கினான். இந்த மண்டலத்தில் பதினைந்து வயசில் ஒரு பிள்ளை இறந்தால், அது அறுபது வயசு வரைக்கும் உழைத்துச் சம்பாதித்திருக்கக்கூடிய கூலி போச்சு. அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்தால் இருபது லட்சம். வகுப்புக்கு வருஷத்துக்கு மூன்று லட்சம் செலவு.

ஓதெலு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என் பிள்ளைக்கு இருபது லட்சம்னு விலை போட நீ யாருடா? எருமைச் சந்தைல தரகு பாத்தியா இதுக்கு முன்னாடி?"

ஹெட்மாஸ்டர், ஓதெலு அண்ணா உக்காரு உக்காரு என்று கையைப் பிடித்து இழுத்தார். கிரீஷ் கோபப்படவில்லை.

"பெரியவரே, விலை போடலேன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒண்ணுமில்லேன்னு வச்சுக்குவாங்க. ரோட்டுக்குக் கணக்கு இருக்கு, பாலத்துக்குக் கணக்கு இருக்கு. பிள்ளைக்கு மட்டும் கணக்கு இல்லேன்னா பணம் பாலத்துக்குப் போயிடும். நான் போட்ட விலை கம்மிதான். ஆனா கஷ்டம் விலைல இல்லே."

"வேற எதுல?"

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். பதினைந்து வருஷத்தில் மண்டலத்தில் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகள் தானாக உயிரை விட்டது எத்தனை என்று ஒரு கட்டம். அதில் சைபர். ஆறு பள்ளிக்கூடமும் வருஷா வருஷம் சைபர் என்றே எழுதி அனுப்பியிருக்கின்றன. போலீஸ் ஸ்டேஷன் காகிதத்திலும் சைபர். பக்கத்துக் கட்டத்தில் வயிற்றுவலி தாங்காமல் இறந்தவர்கள் என்று இருந்தது. அதில் பதினொன்று.

"இருபது லட்சத்த சைபரால பெருக்கினா சைபர். மூணு லட்சம் செலவு, வரவு சைபர். இதுதான் மேலே போகும்" என்றான் கிரீஷ். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க மண்டல அதிகாரி இன்னொரு யோசனை வச்சிருக்கார். பதினோரு பிள்ளைங்க வயித்துவலில போயிருக்கு, அதனால இந்தப் பணத்துல வயித்துநோய் முகாம் போடலாம்னு."

புருஷோத்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சைபர் என்று எழுதிய கை அவருடையது. சைபர் எழுதினால் பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேர், அவருக்கு இடமாற்றம் இல்லை.

வயிற்றுவலி என்றால் என்ன என்று அந்த அறையில் கிரீஷைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியாமல் இல்லை போலிருக்கிறது. சந்தேகப்படுவதைக் கூட்ட முடியாது பெரியவரே, எழுதியிருப்பதைத்தான் கூட்ட முடியும் என்றான்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்டேஷன் ரைட்டர் அந்த வாசகத்தைத் தயாராக வைத்திருந்தான். "நீண்ட நாளாக வயிற்றுவலியால் அவதிப்பட்டு, வலி தாங்காமல்" என்று அழகான கையெழுத்து. பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. வேறு எதை எழுதினாலும் அலைச்சல், விசாரணை, வாத்தியாரைக் கூப்பிடணும், உன்னைக் கூப்பிடணும் என்றான். கூட வந்த சொந்தக்காரர்கள், கைக்குழந்தையா ஒரு பொண்ணு இருக்கு, நாளைக்குக் கட்டிக்கொடுக்கணும், கையெழுத்தைப் போட்டுடு என்றார்கள். ஓதெலு போட்டார்.

"எத்தனை பேரு மாத்திச் சொன்னா உன் கணக்கு திரும்பும்?" என்று கேட்டார்.

வகுப்பு நடந்தால் பாதிப் பேரையாவது காப்பாற்றும் என்று வைத்துக்கொண்டு போட்டிருப்பதாகக் கிரீஷ் சொன்னான். விரலால் தட்டிப் பார்த்தான். அஞ்சு என்றான். ஐந்து வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தால் ஒரு ரூபாய் போட்டால் ஒரு ரூபாய்க்கு மேலே வரும். அதற்குக் கீழே போனால் நஷ்டக் கணக்கு.

இறந்துபோன பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால்தான் இருக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு. ஓதெலுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியவில்லை. கணக்குக்காரன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது ஊர். அதில் ஒரு கையெழுத்து அவருடையது.

வீட்டில் மனைவி லச்சவ்வாவிடம் சொன்னார். அவள் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக் குழம்பில் பதிமூன்று வருஷமாகப் பச்சை மிளகாய் கிடையாது. வயிற்றுவலி வந்த வீட்டில் காரம் ஆகாது என்று நிறுத்தியவள் நிறுத்தியவள்தான். ஸ்ரவந்தி வயிற்றைத் தொட்டாலே போதும், அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவாள். ஊருக்காகச் சொன்ன பொய்யை அவள் வருஷா வருஷம் சமைத்துச் சமைத்து நிஜமாக்கி வைத்திருந்தாள்.

"பிள்ளை வயித்துவலிலதான் போனான்" என்றாள், நிமிராமல்.

"லச்சவ்வா."

"எனக்குத் தெரியும்யா. எனக்குத் தெரியாதா? நான் பெத்தவ. ஊருக்குள்ள சொல்லணும்னா போய்ச் சொல்லு. என்கிட்ட சொல்லாதே."

ஸ்ரவந்திக்காவது நிச்சயமாகத் தெரியாது என்று ஓதெலு நினைத்திருந்தார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு அண்ணனைப் பற்றி ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அவள் புத்தகத்தை மூடினாள்.

"ஆறாவதுலயே தெரியும் நாய்னா. பசங்க சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

ஆக, ஊருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும். காகிதம் ஒன்றுக்குத்தான் தெரியாது. பணம் கொடுக்கிறவன் படிப்பது அதை மட்டும்.

மூன்று நாள் ஓதெலு மண்டலம் முழுக்க நடந்தார். மற்ற பத்துப் பிள்ளைகளின் வீடு. இரண்டு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஒரு வீட்டில் செருப்பு வந்து விழுந்தது. அது நியாயம்தான் என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தார். ஒரு தகப்பன், என் பெரிய பொண்ணுக்கு வரன் பேசிக்கிட்டிருக்கோம், உனக்குப் புண்ணியமாப் போகும், இந்தப் பக்கம் வராதே என்று கையெடுத்துக் கும்பிட்டான். கறிக்கடை ராஜேஷம், வரேன், ஆனா பேசமாட்டேன் என்றார். பீடி சுற்றுகிற பூலம்மா ஒன்றும் சொல்லாமல் இலையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தாள். மைத்துனன் முறையாகிற வார்டு மெம்பர் கனகய்யா மட்டும் அவர் தோளில் கை போட்டு, நீ கவலைப்படாதே பாவா, அஞ்சாவது ஆள் நான் என்றான்.

கூட்டம் மண்டல ஆபீஸ் ஹாலில். வயிற்றுநோய் தடுப்பு முகாம் என்று பேனரே அடித்துக் கட்டிவிட்டார்கள். முடிவு எடுப்பதற்கு முன்னாலேயே பேனர் வந்துவிட்டது. ஸ்வரூபா மேடம் கடைசி வரிசையில் கையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள். மண்டல அதிகாரி கிரீஷின் காகிதத்தை வாசித்தார், வரவு சைபர் என்று இரண்டு தரம் வாசித்தார். பிறகு, எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றினீர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று மேடத்தைக் கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன் சார், சொன்னால் அடுத்த பிள்ளை என்னிடம் வராது என்றாள். அப்படியென்றால் சாட்சி இல்லை என்று அவர் பேனா மூடியைத் திறந்தார்.

ஓதெலு எழுந்தார். என்னென்னவோ பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் மறந்துவிட்டது.

"என் பையன் திருப்பதி வயித்துவலில சாகலே. அவனுக்கு ஒரு நாளும் வயித்துவலி வந்ததில்லே. அவனாத்தான் போனான். நான் பொய்க் கையெழுத்து போட்டேன். அத மாத்தி எழுதுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர். அந்தக் காகிதங்கள் அவர் காலத்தில் எழுதியவை அல்ல. போலீசுக்குப் பொய் வாக்குமூலம் கொடுத்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறீர்கள், கேஸ் ஆகும் தெரியுமா பெரியவரே என்றார்.

"போடு. முதல் கேஸ் என்மேல போடு. ரெண்டாவது கேஸ் பேர் எழுதாம இடம் விட்டுத் தயாரா வச்சிருந்தானே உங்க ரைட்டர், அவன்மேல போடு. மூணாவது கேஸ், வருஷா வருஷம் முட்டை போட்டு அனுப்பினாரே எங்க ஹெட்மாஸ்டர், அவர்மேல போடு. பதினோரு பிள்ளைங்க வயிறு வலிச்சுச் செத்துச்சுன்னு படிச்சிட்டு, என்ன ஏதுன்னு ஒரு டாக்டரைக்கூட அனுப்பாம பதினஞ்சு வருஷம் தூங்கிட்டு, இப்ப வகுப்புப் பணத்த எடுக்கணும்னதும் முகாம் போடறீங்களே, அதுக்கு என்ன கேஸ்?"

பேசமாட்டேன் என்று சொல்லி வந்த ராஜேஷம் எழுந்தார். என் பொண்ணும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூலம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினாள். பின்னால் ஹாலில் யாருக்கும் தெரியாத ஒரு ஆள், எல்லையோர ஊரில் ஓதெலுவுக்குக் கதவைத் திறக்காத வீட்டுக்காரன், தன் பெயரைச் சொல்லாமல் பிள்ளையின் பெயரையும் வருஷத்தையும் மட்டும் சொன்னான்.

நாலு. ஓதெலு கனகய்யாவைப் பார்த்தார். கனகய்யா போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அப்படி என்ன இருந்ததோ, தலை நிமிரவே இல்லை.

கிரீஷ் தட்டிப் பார்த்தான். ஒரு ரூபாய் போட்டால் எண்பத்தொன்பது பைசா வருகிறது என்றான், வாய்க்குள்ளேயே. மண்டல அதிகாரி முகத்தில் நிம்மதி தெரிந்தது. அப்பவும் பதினோரு பைசா நஷ்டம்தானே, வருத்தமா இருக்கு, ஆனா விதி விதிதான் என்றார்.

ஓதெலு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பதினோரு பைசாதானே. இந்தா. மீதியை நீயே வச்சுக்க."

அதிகாரி அதைத் தொடவில்லை. கிரீஷ் அந்த நாணயத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"பெரியவரே, பையன் போனப்புறம் நீங்க எத்தனை நாள் வேலைக்குப் போகலே?"

அது என்ன கேள்வி என்று ஓதெலு முறைத்தார். கிரீஷ் மறுபடி கேட்டான். ஓதெலு சொன்னார். மூன்று ஏக்கர் இரண்டு போகம் விதைக்கவில்லை. ஜோடி மாட்டை வந்த விலைக்குக் கொடுத்தார். லச்சவ்வா இரண்டு வருஷம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, கரீம்நகர் ஆஸ்பத்திரிக்கு மட்டும் எத்தனை தடவை. ராஜேஷம் கடையைப் பூட்டிவிட்டு மூன்று வருஷம் கள்ளுக் காம்பவுண்டிலேயே கிடந்ததாகச் சொன்னார், கூச்சமில்லாமல் சொன்னார். பூலம்மா, கைவிரல் நடுங்கி ஒரு வருஷம் பீடி சுற்ற வரவில்லை என்றாள். பெயர் சொல்லாத ஆள் நிலத்தையே விற்றிருந்தான்.

நான் பிள்ளை சம்பாதிக்கிறதை மட்டும் போட்டேன், பெத்தவங்க இழந்ததைப் போடலே, அது என் தப்பு என்று கிரீஷ் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். ஒவ்வொன்றாக ஏற்றினான். பிறகு கம்ப்யூட்டரை அதிகாரி பக்கம் திருப்பினான்.

ஒரு ரூபாய் நாலு பைசா.

அதிகாரிக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. ஸ்டேஷனில் நாலு காகிதமும் திருத்தப்பட வேண்டும், அதுவரை வகுப்பு ஒரு வருஷம் தொடரும், மேலே எழுதுகிறேன் என்றார். ஸ்வரூபா மேடம் ஓதெலு பக்கத்தில் வந்து நின்றாள். ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். வெளியே கனகய்யா பின்னாலேயே ஓடிவந்து, பாவா, சரியான நேரத்துல போன் வந்துடுச்சு என்றான். ஓதெலு நிற்கவில்லை.

நாலு பைசா லாபத்தில் வகுப்பு பிழைத்திருக்கிறது. ராஜேஷம் இன்னும் கொஞ்சம் குறைவாகக் குடித்திருந்தால், லச்சவ்வா கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருந்தால், அந்த நாலு பைசாவும் இல்லை. வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தார், நினைக்க நினைக்க வாயில் கெட்ட வார்த்தை வந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

வீட்டு வாசலிலேயே நெடி மூக்கைத் தாக்கியது. லச்சவ்வா பச்சை மிளகாயைக் கீறி எண்ணெயில் போட்டிருந்தாள். ஸ்ரவந்தி இருமிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் என்ன நடந்தது என்று லச்சவ்வா கேட்கவில்லை. யாராவது முன்னாலேயே ஓடிவந்து சொல்லியிருப்பார்கள். ரொட்டியை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

காரம் நாக்கைச் சுட்டது. ஓதெலு தண்ணீர் கேட்கவில்லை.

"எத்தனை பேரு எழுந்தாங்க?" என்றாள், பாதி ரொட்டி முடிந்த பிறகு.

"நாலு."

"மத்த ஏழு?"

"அதுங்களுக்கு இன்னும் வயித்துவலிதான்" என்றார் ஓதெலு, அடுத்த ரொட்டிக்குத் தட்டை நீட்டினார்.